வசதி கேட்கவில்லை, சாவியைக் கேட்கிறோம்: அரசுக் கோப்புகளுக்குள் நுழைந்த சில உருவகங்களின் வரலாறு

வட மாவட்டம் ஒன்றில் ஒரு காலனி. நூற்றுச்சொச்சம் வீடுகள். சாவு விழுந்தால் பாடையைத் தூக்கிக்கொண்டு வயல் வரப்பில்தான் நடக்க வேண்டும். நடவு முடிந்த நேரமாக இருந்தால் முழங்கால் அளவு சேறு. நாங்கள் அந்த ஊருக்குப் போவதற்கு முன்பே மூன்று மனுக்கள் கொடுத்திருந்தார்கள். மூன்றுக்கும் ஒரே தலைப்பு: மயானப் பாதை வசதி செய்து தர வேண்டி. மூன்றுக்கும் ஒரே பதில்: இடையில் இருப்பவை தனியார் பட்டா நிலங்கள் என்பதால் கோரிக்கையை ஏற்க இயலவில்லை.

நான்காவது மனுவை எழுத ஒரு திண்ணையில் உட்கார்ந்தோம். எங்கள் குழுவில் இருந்த தம்பி வழக்கம்போல "பாதை வசதி" என்று ஆரம்பித்து வாசித்துக்காட்டினான். பக்கத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆயா ஒருவர் கேட்டார்: "ஏம்ப்பா, நம்ம வூட்ட ஒருத்தன் பூட்டிக்கினு போயிட்டான்னா, புதுசா வூடு கட்டிக் குடுங்கன்னா கேப்ப? சாவியத்தான கேப்ப?" அவர் வாழ்க்கைப்பட்டு வந்த காலத்தில் அந்த இடத்தில் வண்டிப்பாதை இருந்ததாம். மாட்டுவண்டி போய்வந்ததை அவரே பார்த்திருக்கிறார்.

மனுவின் தலைப்பு அன்றைக்கே மாறியது. 'அடைக்கப்பட்ட வண்டிப்பாதையைத் திறக்கக் கோரி.' அதன் பிறகு அந்தக் கோப்புக்கு என்ன ஆனது என்பதைக் கடைசியில் சொல்கிறோம். அதற்கு முன், அந்த ஆயா செய்த காரியத்துக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதை நம் மாணவர்களும் களத்தில் இருக்கும் தோழர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறோம். அரசு அலுவலகம் ஆதாரத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறது என்று பாடப்புத்தகம் சொல்லித்தருகிறது. ஆதாரத்தை எந்தக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது என்பது அதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அந்தக் கண்ணாடி பெரும்பாலும் ஒரு உருவகம்தான்.

முதலில் எதிர்த்தரப்பின் உருவகத்தைப் பார்ப்போம். 1819இல் சென்னை மாகாணத்தின் வருவாய் வாரியம், அடிமை முறை பற்றி மாவட்டக் கலெக்டர்களிடம் அறிக்கை கேட்டது. அடிமைகள் இருக்கிறார்கள் என்பதை மறைக்க யாராலும் முடியவில்லை. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே சென்னைக் கலெக்டர் எல்லிஸ், மிராசு உரிமை பற்றி எழுதும்போது, தொண்டை மண்டலத்துப் பறையர்களை நிலத்தோடு கட்டப்பட்டவர்கள் என்று ஐரோப்பியப் பண்ணையடிமைகளைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் குறித்திருந்தார். ஆனால் கம்பெனி அரசுக்கு நிலவரிதான் உயிர்மூச்சு. உழுகிறவன் எழுந்து போய்விட்டால் வரி எங்கிருந்து வரும்? அதனால் அதிகாரிகளின் எழுத்தில் ஒரு படம் உருவாகி நிலைத்தது: இங்கே இருப்பது மென்மையான அடிமைத்தனம், எஜமான் குடும்பத் தலைவன் மாதிரி, பஞ்சத்திலும் நோயிலும் அவனே சோறு போடுகிறான், மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டம் வேறு, நம் நஞ்சை வயல் வேறு.

'குடும்பம்' என்ற இந்த உருவகம் எவ்வளவு வசதியானது என்று பாருங்கள். குடும்பத்துக்குள் அரசு தலையிடாது. குடும்பத்துக்குள் கூலி கிடையாது, படிதான். அடி விழுந்தாலும் அது கண்டிப்பு. இன்றைக்கும் வன்கொடுமை நடந்த ஊரில் சமாதானக் கூட்டம் போட்டு, "தாயா பிள்ளையா இருந்த ஊரு" என்று ஆரம்பிக்கிறார்களே, அது இந்தப் பழைய உருவகத்தின் பேரப்பிள்ளை.

1843இல் ஐந்தாம் சட்டம் வந்தது. ஒருவரை அடிமை என்று சொல்லி உரிமை கொண்டாடுவதை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது. பிறகு இந்தியத் தண்டனைச் சட்டம் ஆட்களை அடிமைகளாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. அதன் விளைவு விசித்திரமானது. அடிமைமுறை சட்டப்படி ஒழிந்துவிட்டதால், அடிமை என்ற சொல்லும் கோப்பிலிருந்து ஒழிந்தது. படியாள் அப்படியே இருந்தார், பண்ணையாள் அப்படியே இருந்தார், அப்பன் பட்ட கடனுக்கு மகன் ஏர் பிடித்தார். ஆனால் கோப்பில் அவர்கள் 'விவசாயத் தொழிலாளர்கள்' ஆகிவிட்டார்கள். ஒரு கொடுமைக்குப் பெயர் இல்லாமல் போனால் அதைப் பற்றி அறிக்கை அனுப்பவும் வழி இல்லை.

இந்த மௌனத்தை உள்ளிருந்து உடைத்தவர்களில் ஒருவர் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர். 1891 அக்டோபரில் செங்கல்பட்டுப் பறையர்கள் பற்றிய தன் குறிப்பை அரசுக்கு அனுப்பினார். அவரைப் புனிதராக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. அவருக்கு முன்பும் அவரோடும் சேரிகளில் வேலை செய்த கிறித்தவப் பாதிரிமார்கள் இருந்தார்கள், தரிசு கேட்டு விண்ணப்பித்து அடி வாங்கிய நம் பாட்டன்மார் இருந்தார்கள். அவர் செய்த காரியத்தின் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது: அரசு இறந்துவிட்டதாக அறிவித்த ஒரு நிலைமையை, அது உயிரோடு இருக்கிறது என்று அரசுக்கே கடிதம் எழுதினார்.

எப்படி எழுதினார் என்பதைக் கவனிக்க வேண்டும். வறுமை, பரிதாபம் என்று மட்டும் அவர் நிற்கவில்லை. காலுக்குக் கீழே இருக்கும் மண்ணைக் காட்டினார். சேரியில் குடிசை இருக்கும் மனை யாருடையது? மிராசுதார் தன்னுடையது என்கிறார். வேலைக்கு வராவிட்டால், கூலி உயர்த்திக் கேட்டால், 'குடிசையைப் பிரித்துக்கொண்டு போ' என்கிறார். சங்கிலி எதுவும் கண்ணுக்குத் தெரியாது. வீட்டுத் தரையே சங்கிலி. அடுத்து, தரிசு. அரசு தரிசு நிலத்தைக் கேட்டு யார் வேண்டுமானாலும் தர்க்காஸ்து போடலாம் என்றுதான் விதி. ஆனால் ஒரு பறையர் விண்ணப்பித்தவுடன் ஊர் மிராசுதாருக்கு அறிவிப்பு போகும். அவருக்கு முன்னுரிமை. அவர் 'எனக்கு வேண்டும்' என்று ஒரு வரி எழுதினால் போதும், விண்ணப்பம் கீழே விழும். கதவைத் திறந்துவைத்துவிட்டு வாசலில் நாயைக் கட்டிய கதை. (இந்த ஒப்புமை எங்களுடையது, கலெக்டருடையது அல்ல.)

வருவாய் வாரியம் அவருடைய குறிப்பை வரவேற்றுவிடவில்லை. நிலைமை அவ்வளவு மோசம் இல்லை, சட்டத்தின் முன் பறையரும் மற்றவரும் சமம்தானே, மிராசுதார்களைப் பகைத்துக்கொள்ளலாமா என்கிற போக்கில்தான் மறுப்புகள் எழுந்தன. எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய 'மென்மை' அங்கேயும் வந்து நின்றது. அடிமைத்தனம் என்ற படத்தை மேலிடம் ஏற்கவே இல்லை. அதை ஏற்றால் ஐம்பது ஆண்டுகளாகத் தன் சட்டம் உறங்கியதை ஒப்புக்கொள்ள வேண்டும். எந்த அரசாங்கம் அப்படி ஒப்புக்கொள்ளும்?

ஆனாலும் ஒன்று நுழைந்தது. 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010, 1010-அ எண் அரசாணைகள். நாம் இன்று பஞ்சமி நிலம் என்று சொல்வதன் வேர் அங்கே இருக்கிறது. தரிசு நிலத்தை ஒடுக்கப்பட்டோருக்கு நிபந்தனையோடு ஒதுக்கும் வழி பிறந்தது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது, குத்தகைக்கு விடக் கூடாது, அதற்குப் பிறகும் அதே பிரிவினருக்கு மட்டுமே மாற்றலாம், மீறினால் அந்த மாற்றம் செல்லாது என்பதுதான் அந்த நிபந்தனையின் சாரம்.

அடிமைத்தனம் என்ற பெரிய படம் தோற்ற இடத்தில் நிலம் எப்படி வென்றது? எங்கள் கணிப்பு இது. தரிசு என்பதும் ஒரு உருவகம்தான். மேய்ச்சல் நடந்தாலும், விறகு கிடைத்தாலும், சேரிப் பிள்ளைகள் கிழங்கு தோண்டித் தின்றாலும், வரி வராத மண் அரசின் கண்ணுக்குத் தரிசு. அதைப் பயிராக்கி வரி தருகிறேன் என்று ஒருவர் வந்தால் மறுப்பது அரசுக்கே கஷ்டம். நம் பக்கத்துக் கோரிக்கை அவர்களுடைய பேரேட்டின் மொழியில் போய் உட்கார்ந்தது. இதில் ஒரு கசப்பும் இருக்கிறது: அவர்கள் மனம் மாறி மனிதர்களாகப் பார்த்ததால் நிலம் வந்தது என்று சொல்ல முடியாது.

அதே ஆண்டுகளில் நம்மவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்காவிட்டால் இது வெள்ளைக்காரக் கலெக்டரின் கதையாகச் சுருங்கிவிடும். 1891 டிசம்பரில் நீலகிரியில் அயோத்திதாசப் பண்டிதர் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டித் தீர்மானங்களை நிறைவேற்றினார். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, அப்படி நடத்தினால் அதிகாரம் முழுக்க உயர்சாதியார் கைக்கே போகும் என்று அவர் ஆட்களைத் திரட்டி லண்டன் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பினார்.

இருவரும் அரசின் பதிவேட்டோடுதான் மல்லுக்கட்டினார்கள். வழி மட்டும் வேறு. பண்டிதர் அந்தச் சாதிப்பெயரையே மறுத்தார். நீ கீழானவன் என்று குறித்த இடத்தில், நாங்கள் சாதியற்ற ஆதித் தமிழர், பூர்வ பௌத்தர் என்று வரலாற்றையே திருப்பிப்போட்டார். சீனிவாசனோ எறியப்பட்ட கல்லைக் கையில் பிடித்து அதற்கே ஆசிரியர் ஆனார். எது சரி என்று நம் கூட்டங்களில் இன்னும் விடிய விடிய விவாதம் நடக்கிறது. இரண்டும் தேவைப்பட்டன என்பதே எங்கள் கருத்து. 1922இல் சென்னை சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா கொண்டுவந்த தீர்மானத்தின் பேரில் பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதிலாக 'ஆதி திராவிடர்' என்று அரசு எழுதத் தொடங்கியது. ஐந்தாவது என்று எண்ணப்பட்டவர் ஆதி ஆனார். எண்ணிக்கையில் கடைசியாக இருந்தவர் காலத்தில் முதலாவதானார். ஒரே சொல்தான், ஆனால் ஒவ்வொரு குமாஸ்தாவும் அதைத் தன் கையால் எழுத வேண்டியிருந்தது.

பெயர்களைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. காந்தியார் பரப்பிய 'ஹரிஜன்' இனிப்பான உருவகம். நம் மாநிலத்தில் ஒரு துறையே நெடுங்காலம் அந்தப் பெயரில் ஓடியது. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தில் வந்த 'பட்டியல்' என்பதில் எந்த இனிப்பும் இல்லை, எந்தக் கடவுளும் இல்லை. வெறும் அட்டவணை. ஆனால் நம்மைக் காப்பாற்றியது அந்த வறட்டுச் சொல்தான். கடவுளின் பிள்ளை என்று சொல்லி ஒருவர் தாசில்தாரிடம் சாதிச் சான்றிதழ் வாங்க முடியுமா?

இனி அண்ணல் அம்பேத்கரிடம் வருவோம். 1919 ஜனவரி. பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்து சில மாதங்களே ஆன 27 வயது இளைஞர், வாக்குரிமை பற்றி விசாரிக்க வந்த சவுத்பரோ குழுவின் முன் சாட்சி சொல்கிறார். எதிரே இருப்பவர்கள் தொகுதி எல்லைகளையும் வாக்காளர் தகுதிகளையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் அதிகாரிகளும் அரசியல்வாதிகளும். தீண்டப்படாதோர் என்றால் அவர்கள் மனதில் ஏற்கனவே ஒரு படம் இருக்கிறது: இரக்கத்துக்குரியவர்கள். அம்பேத்கர் முதலில் கைவைத்தது அந்தப் படத்தில்தான். இரக்கப்படுகிறீர்கள், ஆனால் அரசியல் திட்டம் என்று வரும்போது, காக்கவேண்டிய நலன் எதுவும் எங்களுக்கு இல்லை என்பதுபோல் விட்டுவிடுகிறீர்கள் என்ற கருத்தில் அவர் வாதிட்டார்.

பிறகு அவர் எடுத்துக்கொண்ட உருவகம் நம் மாணவர்களுக்கு உடனே புரியும், ஏனென்றால் அது பள்ளி உயிரியல் பாடத்தில் இருக்கிறது. சவ்வூடு பரவல். மெல்லிய சவ்வின் வழியே ஒரு பக்கத்து நீர் மறுபக்கத்துக்கு ஊறிச் செல்வது. கொலம்பியாவில் அவருடைய ஆசிரியராக இருந்த ஜான் டூயி சமூக உறவுகளைப் பற்றிப் பேச எடுத்த உருவகம் அது. அம்பேத்கர் அதைப் பம்பாயின் தொகுதிக் கணக்குக்குள் கொண்டுவந்தார். ஒரு சமூகத்தின் குழுக்களுக்கு இடையே இப்படி எண்ணங்களும் அனுபவங்களும் ஊறிக் கலந்தால், ஒரு குழுவின் ஆள் இன்னொரு குழுவுக்காகவும் பேச முடியும். சாதி இருக்கும் இடத்தில் சவ்வு இல்லை, சுவர் இருக்கிறது. எதுவும் ஊறுவதில்லை. அப்படியானால் பொதுத் தொகுதியில் ஜெயித்தவர் எல்லோருக்கும் பிரதிநிதி என்று எந்தக் கணக்கில் சொல்கிறீர்கள்?

இதன் சாமர்த்தியத்தை நினைத்துப் பாருங்கள். இரக்கம் என்ற படத்துக்குள் நின்று கேட்டால், எவ்வளவு தருவது என்று தீர்மானிப்பவர் எதிரே இருப்பவர்தான். ஊறல் நின்றுபோன உடம்பு என்ற படத்துக்குள் வந்துவிட்டால், பிரச்சினை நம்முடையதாக மட்டும் இருப்பதில்லை, அவர்கள் வரைந்துகொண்டிருக்கும் தொகுதி வரைபடத்தின் கோளாறாக மாறுகிறது. அவர்கள் வேலையின் குறையை அவர்கள் மொழியிலேயே காட்டியாயிற்று.

உடனே கிடைத்தது என்ன? பெரிதாக ஒன்றும் இல்லை. 1919 சீர்திருத்தத்தில் ஒடுக்கப்பட்டோருக்குத் தேர்தல் வழியாக இடம் வரவில்லை, நியமன இடங்கள்தான் வந்தன. ஆனால் அவர் அந்தப் படத்தைக் கீழே போடவில்லை. 17 ஆண்டுகள் கழித்து 'சாதி ஒழிப்பு' நூலிலும் அதே ஊறல் திரும்ப வருகிறது. இடையில் வட்டமேசை மாநாடு, 1932ஆம் ஆண்டின் பூனா ஒப்பந்தம் எல்லாம் நடந்துவிட்டன. 1948 நவம்பரில் அரசியல் சட்ட வரைவை முன்வைத்துப் பேசும்போது வேறொரு படத்தை எடுத்தார்: இந்திய மண் இயல்பில் ஜனநாயகமற்றது, ஜனநாயகம் அதன்மேல் தூவிய மேல்மண் மட்டுமே என்றார். உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதற்கு உரை தேவையில்லை. மேல்மண் ஒரு மழைக்குக் கரைந்துபோகும்.

உருவகம் மட்டும் போதுமா என்ற கேள்வியை நம்மிடம் வரும் இளைஞர்கள் கேட்கிறார்கள். போதாது. அதற்குப் பஞ்சமி நிலமே சாட்சி. தமிழ்நாட்டில் 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம் வழங்கப்பட்டது என்று நம் இயக்கங்கள் பல காலமாகச் சொல்லிவருகின்றன. அதில் பெரும்பகுதி இன்று நம் கையில் இல்லை என்பதை யாரும் மறுப்பதில்லை. நிபந்தனை அரசாணையில் இருந்தது, வாரிய நிலையாணையிலும் இருந்தது. ஆனால் அது ஊரில் யார் கண்ணில் பட வேண்டும்? கணக்குப்பிள்ளை வைத்திருந்த பதிவேட்டின் குறிப்புக் கட்டத்தில் 'டி.சி. நிலம்' என்று இரண்டு எழுத்தாக அது சுருங்கிக் கிடந்தது. யூ.டி.ஆர். பதிவுகளில் பல ஊர்களில் அந்த இரண்டு எழுத்தும் காணாமல் போனது என்பது நில மீட்புப் போராளிகளின் நெடுநாள் குற்றச்சாட்டு. அந்த எழுத்துகள் இல்லாவிட்டால் அது எல்லா நிலத்தையும் போல ஒரு நிலம்.

1994இல் அதே செங்கல்பட்டு வட்டாரத்தில், காரணை கிராமத்து மக்கள் தங்கள் பஞ்சமி நிலத்தில் அம்பேத்கர் சிலையை நிறுவினார்கள். பதிவேட்டில் அழிந்துபோன எழுத்தை மண்ணின் மேல் எழுதியது போல. சிலை அகற்றப்பட்டது. கைதுகள் நடந்தன. அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் காவல்துறை துப்பாக்கியால் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். கலெக்டர் அலுவலகத்திலிருந்து அரசாணைக்கு வழி பிறந்து 102 ஆண்டுகள் கழித்து, அதே மாவட்டத்தில் அந்த ஆணையை நினைவுபடுத்தியவர்களுக்குக் கிடைத்த பதில் அது. இந்தப் பத்தியை எழுதும்போது எங்களுக்குக் கை நிற்கிறது. உருவகம், மொழி என்று பேசுவதெல்லாம் அந்த இரண்டு பெயர்களுக்கு முன்னால் சிறியதாகத் தெரிகிறது.

ஆனாலும் திங்கட்கிழமை வருகிறது. குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நிற்கத்தான் வேண்டியிருக்கிறது. அங்கே நம் மக்கள் கையில் இருக்கும் மனுக்களை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். 'கருணை கூர்ந்து', 'பணிவுடன்', 'சலுகை வழங்கி', 'வசதி செய்து', 'ஏழை எளிய'. வாசலில் மேசை போட்டு எழுதித் தருபவருக்கும் வேறு மொழி தெரியாது, அவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. இடஒதுக்கீட்டைச் 'சலுகை' என்று நம் பிள்ளைகளே சொல்கிறார்கள். கொடுப்பவர் நினைத்தால் நிறுத்திக்கொள்ளலாம் என்று சலுகைக்குள்ளேயே எழுதியிருக்கிறது. 'பங்கு' என்று சொல்லிப் பாருங்கள், எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்கார்வார். பங்கு என்றால் சொத்து ஒன்று இருக்கிறது, அதைச் சேர்த்ததில் நம் உழைப்பும் இருக்கிறது, யாரோ அதிகமாக எடுத்துவிட்டார்கள் என்பதெல்லாம் அந்தச் சொல்லோடு சேர்ந்தே வந்துவிடும்.

இனி அந்த வண்டிப்பாதை. நான்காவது மனுவை நாங்கள் கொடுக்கவில்லை, ஆயாவையே கொடுக்கச் சொன்னோம். அலுவலர் படித்துவிட்டு, "பட்டா நிலம்னு ஏற்கனவே பதில் போட்டாச்சேம்மா" என்றார். ஆயா பூட்டின வீட்டையும் சாவியையும் அங்கேயும் சொன்னார். அலுவலர் சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்ற கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, பழைய கிராம வரைபடத்தை எடுத்துப் பாருங்கள் என்றார். வசதி கேட்டால் எந்த வரைபடத்தையும் பார்க்க வேண்டியதில்லை, நிதி இருக்கிறதா என்று பார்த்தால் போதும். சாவி கேட்டால், பூட்டியது யார் என்று பார்த்தாக வேண்டும்.

வரைபடத்தில் வண்டிப்பாதை இருந்தது. இரண்டு கோடுகள், நடுவில் ஒரு சர்வே எண், புறம்போக்கு. கோப்பு ஒரு பிரிவிலிருந்து எழுந்து ஆக்கிரமிப்பு பார்க்கும் பிரிவுக்குப் போனது. நான்கு மாதம் கழித்து சர்வேயர் வந்து சங்கிலி பிடித்தார். மூன்று இடத்தில் கல் நட்டார்கள். ஒரு கல்லை இரவோடு இரவாக யாரோ பிடுங்கிப் போட்டார்கள். மறுபடி மனு கொடுத்தோம், தலைப்பு: 'நடப்பட்ட எல்லைக்கல்லைப் பிடுங்கியவர்கள் மீது நடவடிக்கை கோரி.' பாதை இன்னும் திறக்கவில்லை. போன ஐப்பசி மழையில் அந்தக் காலனியில் ஒரு பெரியவர் இறந்தார். இந்த முறை பாடையை வரப்பில் தூக்கவில்லை. நின்ற இரண்டு கல்லுக்கும் நடுவே, முளைத்திருந்த நெல்லை மிதித்துக்கொண்டு, பறை முழங்க நேராகப் போனார்கள். ஆயா முன்னால் நடந்தார்.